மாநாடு தூரில், தங்கல் அம்புவாஸில்

போன செப்டம்பர் கடைசி வாரத்தில் பிரான்சின் தூர் நகரில் நடந்த நான்கு நாள் மாநாட்டுக்கு அலுவலகத்திலிருந்து அனுப்பினார்கள். ஆற்றுப்படுகை, வெள்ளம், மணல், இவைதான் என் வேலை. தூர் வாருவதைப் பற்றியே வருடம் முழுக்கப் பேசுகிறவருக்கு ஊர்ப் பெயரே தூர் என்று அமைந்தது எனக்குப் பிடித்திருந்தது. மாநாடு திங்கள் முதல் வியாழன் வரை, அதன்பின் வெள்ளி, சனி, ஞாயிறு என் சொந்த விடுப்பு. திரும்பி வந்ததிலிருந்து எங்கே தங்கினீர்கள், எப்படிச் சுற்றினீர்கள், எவ்வளவு ஆயிற்று என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள், அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். மாநாட்டு ஹோட்டலை விட்டுவிட்டு, இருபது நிமிட ரயில் தூரத்தில் லுவார் ஆற்றங்கரையில் இருக்கும் அம்புவாஸ் என்ற சிற்றூரில் அறை எடுத்தது மிக நல்ல முடிவு. மாநாட்டுப் பதிவுப் படிவத்திலேயே சேர்த்து விற்ற ஒரு நாள் பஸ் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியதுதான் தப்பாகப் போனது.

அம்புவாஸில் தங்கலாம் என்று எனக்குத் தைரியம் வந்ததற்குக் காரணம் வரைபடம். தூரில் பெரிய மாநாடுகள் நடக்கிற வின்சி அரங்கம், ழான் நுவேல் வடிவமைத்து 1993இல் திறந்த கண்ணாடிக் கட்டடம், ரயில் நிலையத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. நிலையத்து வாசலில் இறங்கிச் சாலையைக் கடந்தால் அரங்கம். அதாவது அம்புவாஸிலிருந்து ரயிலில் வருகிற நான், நகரத்தின் இன்னொரு மூலையில் தங்கிப் பஸ் பிடித்து வருகிறவர்களை விடச் சீக்கிரமாக வந்து சேர்ந்தேன். மாநாட்டுக்காரர்கள் பரிந்துரைத்த ஹோட்டலில் ஓர் இரவுக்கு 165 யூரோ, காலை உணவு தனி. அம்புவாஸில் காலை உணவோடு 82 யூரோ. ஏழு இரவுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

போய்ச் சேருவதும் எளிது. பாரிஸ் ஷார்ல் தெ கோல் விமான நிலையத்துக்கு உள்ளேயே அதிவேக ரயில் நிலையம் இருக்கிறது, அங்கிருந்து தூருக்குப் பக்கத்தில் உள்ள சேன்-பியேர்-தே-கோர் நிலையத்துக்கு நேர் ரயில் உண்டு, ஒன்றே முக்கால் மணி நேரம்போல. பாரிஸ் நகரத்துக்குள் போய்ப் பெட்டியோடு மெட்ரோ படிகளில் ஏறி இறங்க வேண்டாம். சேன்-பியேர்-தே-கோரில் இறங்கி உள்ளூர் ரயில் மாறினால் கால் மணி நேரத்தில் அம்புவாஸ். ஒன்று மட்டும் கவனியுங்கள், அம்புவாஸ் ரயில் நிலையம் ஆற்றின் வட கரையில், கோட்டையும் ஊரும் தென் கரையில். நடுவில் ஒரு தீவு, அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாலம். பெட்டியோடு இருபது நிமிடம் நடக்க வேண்டும்.

தங்கிய வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். கோட்டைக்குக் கீழே, பாறையைக் குடைந்து கட்டிய வீடு. அந்தப் பகுதி முழுக்கத் தூஃபோ என்று சொல்கிற வெளிர் சுண்ணாம்புக் கல், கத்தியால் கீறினால்கூடக் கோடு விழும் அளவுக்கு மென்மை. நூற்றாண்டுகளாக அதை வெட்டியெடுத்துத்தான் லுவார் கரைக் கோட்டைகளையும் வீடுகளையும் கட்டினார்கள். வெட்டியெடுத்த இடத்தில் உண்டான குகைகளில் சிலர் வீடு அமைத்துக்கொண்டார்கள், சிலர் வைன் பீப்பாய்களை அடுக்கினார்கள், சில குகைகளில் காளான் வளர்க்கிறார்கள். என் அறைக்கு முன்பக்கம் மட்டும்தான் கட்டிய சுவர், கதவு, ஜன்னல். பின் சுவரும் கூரையின் பாதியும் பாறை. கையை வைத்தால் சில்லென்று இருக்கும். வெளியே வெயிலானாலும் மழையானாலும் உள்ளே ஒரே குளிர்ச்சி, நல்ல கம்பளி கொடுத்திருந்தார்கள்.

குறைகள் உண்டு. பாறைக்குள் போன் சிக்னல் சுத்தமாகக் கிடையாது. வைஃபை கட்டில் அருகே வராது, என் உரைக்கான கோப்பைக் கடைசி நேரத்தில் ஏற்றுவதற்கு வீட்டுக்கார அம்மாவின் சமையலறை மேசையில் போய் உட்கார வேண்டியிருந்தது. தெருவிலிருந்து வாசலுக்கு முப்பத்தெட்டுப் படிகள், குறுகலானவை, கைப்பிடி ஒரு பக்கம்தான். முழங்கால் வலி இருப்பவர்களுக்கு இந்த மாதிரி வீடு வேண்டாம், முன்பதிவு செய்வதற்கு முன்பே படிகளைப் பற்றி எழுதிக் கேட்டுவிடுங்கள். ஆனால் வீட்டுக்கார அம்மாவின் கவனிப்பு பெரிது. நான் போய் இறங்கியது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பிரான்சின் சிற்றூர்களில் ஞாயிறு இரவும் திங்களும் பெரும்பாலான உணவகங்கள் மூடியிருக்கும் என்று படித்திருந்தும் மறந்துவிட்டேன். நான் ஊரைச் சுற்றிவிட்டு ஒன்றும் கிடைக்காமல் திரும்பியதைப் பார்த்து, இறைச்சி சாப்பிட மாட்டேன் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, காரட்டும் லீக்கும் போட்ட சூப்பும் ரொட்டியும் ஒரு பெரிய துண்டு வெண்ணெயும் கொண்டுவந்து வைத்தார். அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

மாநாட்டு நாட்களை எப்படிப் பிரித்துக்கொண்டேன் என்பது மற்றவர்களுக்கும் உதவும் என்று நினைக்கிறேன். கோடைக்கால நேரப்படி பிரான்ஸ் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். முதல் மூன்று நாளும் காலை ஐந்து மணிக்குத் தானாக விழிப்பு வந்துவிட்டது, அப்போது இங்கே எட்டரை. ஆகவே அலுவலக மின்னஞ்சல்களை எல்லாம் அந்த இருட்டிலேயே முடித்துவிட்டேன். ஏழரைக்கு வெளியே கிளம்பினால் பாலத்தைக் கடக்கும்போது மெல்ல வெளிச்சம் வரும், ஆற்றின் மேல் பனிமூட்டம், திரும்பிப் பார்த்தால் கோட்டைச் சுவர் மட்டும் பனிக்கு மேலே தெரியும். ஒரு அமர்வையும் நான் விடவில்லை. அலுவலகக் காசில் போய்விட்டு அமர்வுகளை விடுவது எனக்குச் சரியாகப் படாது, அதற்கு அவசியமும் இல்லை. செப்டம்பர் கடைசியில் சூரியன் மறைய ஏழே முக்கால் ஆகிவிடும், ஐந்து மணிக்கு அமர்வு முடிந்து ஆறுக்கு ஊர் வந்து சேர்ந்தால் தினமும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் மிச்சம். ஒரே ஒரு நாள், மாநாட்டு இரவு விருந்தன்று, கடைசி ரயில் போய்விட்டது. அம்புவாஸிலேயே தங்கியிருந்த கென்யப் பொறியாளர் ஒருவரோடு டாக்சியைப் பகிர்ந்துகொண்டேன்.

மதிய இடைவேளையையும் வீணாக்காதீர்கள். வின்சி அரங்கத்திலிருந்து பத்து நிமிட நடையில் சேன் கத்தியேன் பேராலயமும் அதன் பக்கத்தில் நுண்கலை அருங்காட்சியகமும் இருக்கின்றன. அருங்காட்சியக முற்றத்தில் 1804இல் நட்ட லெபனான் தேவதாரு மரம் ஒன்று, கிளைகளுக்கு முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள், இவ்வளவு பரந்த மரத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதற்கு எதிரே ஒரு கொட்டகையில், கம்பிக்குப் பின்னால், பதப்படுத்திய ஓர் ஆசிய யானை நிற்கிறது. பெயர் ஃபிரிட்ஸ். பார்னம் அண்ட் பெய்லி சர்க்கஸ் 1902இல் தூருக்கு வந்தபோது, ஊர்வலமாக ரயில் நிலையத்துக்குத் திரும்புகையில் கட்டுக்கடங்காமல் போனது என்று சங்கிலியும் கயிறும் போட்டு இறுக்கிக் கொன்றிருக்கிறார்கள். நான் தினமும் இறங்கிய அதே நிலையத்துக்குப் போகிற வழி. அன்று மத்தியானம் சாப்பிடத் தோன்றவில்லை. சின்ன வயதிலிருந்து கோயில் யானையின் தும்பிக்கையைத் தொட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த உருவத்தின் முன் நிற்பது கஷ்டம், இருந்தாலும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்வேன்.

இன்னொரு மதியம் டிராமில் வில்சன் பாலத்துக்குப் போனேன், இது என் வேலைக்காக. பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டிய அந்தக் கல் பாலம் 1978 ஏப்ரலில் வளைவு வளைவாக ஆற்றில் சரிந்தது, அதோடு போன குடிநீர்க் குழாய்களால் ஊரே தண்ணீருக்குத் தவித்தது. லுவாரில் வரைமுறையில்லாமல் மணல் அள்ளியதில் படுகை தாழ்ந்துபோய் அடித்தளம் வெளியே தெரிந்துவிட்டது முக்கியமான காரணம். பிறகு பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டினார்கள், இப்போது அதன் மேல் டிராம் ஓடுகிறது. நான் திருச்சிக்காரன். 2018 ஆகஸ்டில் காவிரியில் வந்த வெள்ளம் கொள்ளிடத்தில் திருப்பிவிடப்பட்டு, பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்ததைக் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். வில்சன் பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்த்தபோது, செப்டம்பர் என்பதால் தண்ணீர் குறைந்து, மணல்திட்டுகள் நீளமாகப் படுத்திருந்தன. ஆற்றுப்படுகையில் மணல் எடுப்பதை அவர்கள் நிறுத்தி முப்பது வருடம்போல ஆகிறது, மணல் மெல்லத் திரும்பி வந்திருக்கிறது. மாநாட்டில் கேட்ட எந்த உரையை விடவும் அந்தக் கால் மணி நேரம் எனக்கு அதிகம் சொன்னது.

புதன்கிழமை அமர்வுகள் நான்கு மணிக்கே முடிந்துவிட்டதால் க்ளோ லூசே போக முடிந்தது. லியோனார்டோ டா வின்சி தன் கடைசி மூன்று வருடங்களைக் கழித்த மாளிகை, என் அறையிலிருந்து ஐந்து நிமிட நடை. மன்னர் முதலாம் ஃபிரான்ஸுவா அழைத்து 1516இல் வந்தவர், 1519 மே 2இல் இங்கேதான் இறந்தார். கல்லறை கோட்டைக்குள் இருக்கும் சிறு தேவாலயத்தில். எல்லோரும் மோனா லிசாவை அவர் இங்கே கொண்டுவந்த கதையைத்தான் சொல்வார்கள், எனக்கு ஆர்வம் கீழ்த்தளத்தில். அவருடைய வரைபடங்களை வைத்துச் செய்த இயந்திர மாதிரிகள் அங்கே இருக்கின்றன, தோட்டத்தில் பெரிய அளவில் செய்தவற்றைக் கையால் சுற்றியே பார்க்கலாம், குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அதுவே அரை நாள் ஓடிவிடும். ரோமொராந்தேன் என்ற ஊரில் மன்னருக்குப் புதிய தலைநகர் அமைக்கவும், லுவாரை மற்ற ஆறுகளோடு கால்வாயால் இணைக்கவும் அவர் திட்டம் போட்டிருந்தார். கடைசி வருடங்களில் அவர் மனம் தண்ணீரில்தான் இருந்தது என்பது எங்கள் துறைக்காரர்களுக்குப் பெருமையான விஷயம். செப்டம்பரில் மாலை ஏழு வரை திறந்திருந்தது, ஐந்தரைக்குப் பிறகு கூட்டமே இல்லை.

அந்த பஸ் சுற்றுலாவுக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை காலை எட்டரை முதல் மாலை ஆறரை வரை, ஷாம்போர், ஷெவர்னி, ஷெனோன்ஸோ என்று மூன்று கோட்டைகள், நுழைவுச் சீட்டும் மதிய உணவும் சேர்த்து 118 யூரோ. தனித்தனியாகச் சீட்டு வாங்கினால் ஆகிற செலவோடு ஒப்பிட்டால் விலை அநியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் நாற்பது நிமிடம் தூரின் ஹோட்டல் ஹோட்டலாகப் போய் ஆட்களை ஏற்றினார்கள். ஷாம்போர் அங்கிருந்து எழுபது கிலோமீட்டருக்கு மேல். 1519இல் தொடங்கிய அந்தப் பிரம்மாண்டத்தில் எங்களுக்குக் கொடுத்தது ஒரு மணி நேரம். நடுவில் இருக்கிற இரட்டைச் சுருள் படிக்கட்டில், ஒருவர் ஏறவும் இன்னொருவர் இறங்கவும் ஒருவரையொருவர் சந்திக்காமலே போகலாம், அதில் இரண்டு முறை ஏறி இறங்கினேன், நேரம் முடிந்துவிட்டது. மதிய உணவுக்கு இரண்டு மணி நேரம். படிவத்தில் சைவம் என்று குறித்திருந்தேன், இருமுறை மின்னஞ்சலும் அனுப்பியிருந்தேன், எனக்கு வந்தது இலைகளும் தக்காளியும், எல்லோருக்கும் வைத்த ரொட்டியும். கேட்டபோது எங்களுக்குத் தகவல் வரவில்லை என்றார்கள். ஷெனோன்ஸோவுக்கு வந்தபோது மணி நாலரை, ஐம்பது நிமிடத்தில் பஸ்ஸுக்கு வந்துவிட வேண்டும். ஆற்றின் மேல் கட்டிய மாளிகைக்குள் ஆட்களுக்கு நடுவே நகர்ந்து போய், ஆற்றைப் பார்க்காமலே வெளியே வந்தேன். நடக்க முடியாதவர்கள், ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்பவர்கள் வேண்டுமானால் போகலாம். கூட வந்த வயதான பேராசிரியர் ஒருவர் திருப்தியாகவே இருந்தார். நான் இன்னொரு முறை போக மாட்டேன்.

மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை காலை அம்புவாஸில் மின் சைக்கிள் ஒன்றை 35 யூரோவுக்கு வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஷெனோன்ஸோவுக்கே திரும்பப் போனேன். பதினான்கு கிலோமீட்டர்போல இருக்கும். ஊரை விட்டு மேட்டில் ஏறியதும் மூன்றாவது கிலோமீட்டரில் ஷாந்த்லூ பகோடா. சீனக் கோபுரம் மாதிரி, ஏழு அடுக்கு, 44 மீட்டர், ஒவ்வொரு அடுக்கும் கீழே உள்ளதை விடச் சிறியது, உள்ளே ஏறலாம். கட்டியவர் ஷுவாஸல் பிரபு, பதினைந்தாம் லூயியின் முதன்மை அமைச்சராக இருந்தவர். 1761இல் ஆங்கிலேயர் பிடித்த புதுச்சேரியை 1763 உடன்படிக்கையில் பிரான்ஸ் திரும்பப் பெற்ற காலத்தில் அந்த நாட்டின் வெளி விவகாரங்கள் எல்லாம் இவர் பிடியில்தான். 1770இல் மன்னரின் கோபத்துக்கு ஆளாகி இங்கே ஒதுக்கப்பட்டவர், அப்போதும் தன்னை வந்து பார்த்த நண்பர்களுக்கு நன்றியாக இந்தக் கோபுரத்தை எழுப்பினார். அவருடைய மாளிகை இடிக்கப்பட்டுவிட்டது, கோபுரமும் குளமும்தான் மிச்சம். பஸ் இதன் பக்கமே வரவில்லை.

அதற்குப் பிறகு காடு. ஓக் மரங்கள், சருகு வாசனை, சாலையில் எப்போதாவது ஒரு கார். ஷெனோன்ஸோ போய்ச் சேர்ந்தபோது பத்தரை. முதலில் உள்ளே போகாமல் ஷேர் ஆற்றின் கரையில் உட்கார்ந்து மாளிகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாமா போயியே என்பவரும் அவர் மனைவியும் 1513இல் தொடங்கிக் கட்டியது. கணவர் ராஜாங்க வேலையாக ஊர் ஊராக இருந்ததால், கட்டட வேலையைக் கூடவே இருந்து நடத்தியவர் மனைவி கத்ரீன் பிரிஸோனே. பிறகு மன்னர் இரண்டாம் ஆன்றியின் காதலி தியான் தெ புவாத்தியே ஆற்றின் மேல் பாலம் போட்டார், மன்னர் இறந்ததும் அவரை வெளியேற்றிவிட்டு வந்த அரசி கத்ரீன் தெ மெதிசி அந்தப் பாலத்தின் மேல் அறுபது மீட்டர் நீளக் கூடத்தை எழுப்பினார். இது பெண்களின் கோட்டை என்று சொல்வதற்கு அதுதான் காரணம். முதல் உலகப் போரில் அந்தக் கூடத்தில் வரிசையாகக் கட்டில் போட்டு மருத்துவமனையாக நடத்தினார்கள், செலவு முழுவதும் மாளிகையின் உரிமையாளர்களான மெனியே குடும்பத்துடையது, சாக்லெட் தொழில் செய்தவர்கள். இரண்டாம் உலகப் போரில் ஷேர் ஆறுதான் எல்லைக்கோடு. மாளிகையின் முன்வாசல் ஜெர்மானியர் பிடித்த பகுதியில், கூடத்தின் தெற்குக் கதவைத் திறந்தால் பிடிபடாத பகுதி. அந்தக் கதவு வழியாக ஆட்கள் தப்பியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை அந்தக் கதவை ஒரு நிமிடம்கூட நின்று பார்க்கவில்லை. சனிக்கிழமை அதைத் தாண்டி அக்கரைக்கு நடந்து போய் மரத்தடியில் மதிய ரொட்டியைச் சாப்பிட்டேன். பாலத்தின் தூண்களுக்குள்ளே இருக்கும் சமையலறையையும் விடாதீர்கள், படகில் வரும் சாமான்களை நேராக உள்ளே எடுத்துக்கொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள். சைக்கிள் முடியாதவர்களுக்கு, தூரிலிருந்து மாளிகை வாசலருகே வரை உள்ளூர் ரயில் வருகிறது, அரை மணி நேரம்கூட ஆகாது.

சாப்பாடு விஷயம் கேட்பவர்களுக்கு: முட்டையும் பாலும் சாப்பிடுவீர்கள் என்றால் சமாளிக்கலாம். ஃபுவே என்று ஒரு சின்ன ரொட்டி, விறகு அடுப்பில் சுட்டுச் சூடாகப் பலூன் மாதிரி உப்பி வரும், பிளந்து பூண்டு வெண்ணெயோ காளானோ ஆட்டுப்பால் சீஸோ வைத்துத் தருவார்கள், மூன்று இரவு அதுதான் சாப்பிட்டேன். சீஸில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்ப்பது அங்கே வழக்கம், கறாரான சைவர்கள் விசாரித்துக்கொள்ளுங்கள். மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு, இரவு ஏழுக்கு மேல், இந்த நேரம் தவறினால் சமையலறை மூடிவிடும். கடைக்குள் நுழைந்ததும் முதலில் போன்ழூர் சொல்லுங்கள், சொல்லாமல் கேள்வி கேட்டால் முகம் மாறுகிறது, சொன்னால் நம் அரைகுறைப் பிரெஞ்சுக்கும் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள்.

விசா: ஷெங்கன் குறுகிய கால விசா மாநாடு, சுற்றிப் பார்ப்பது இரண்டுக்கும் பொருந்தும், ஆனால் அழைப்புக் கடிதத்தில் மாநாட்டுத் தேதிகள் மட்டும்தான் இருக்கும். கூடுதல் நாட்களுக்கான அறைப் பதிவையும் அலுவலக விடுப்புக் கடிதத்தையும் சேர்த்தே கொடுத்தேன், கேள்வியே வரவில்லை. அலுவலகம் எடுத்த பயணக் காப்பீடு வியாழனோடு முடிகிறதா என்று பாருங்கள். என்னுடையது முடிந்தது, மீதி நாட்களுக்கு நானே சேர்த்து எடுத்தேன்.

ஞாயிறு காலை கிளம்புவதற்கு முன் அம்புவாஸ் ஆற்றங்கரைச் சந்தை. வெள்ளியும் ஞாயிறும் கூடுகிறது, ஞாயிறுதான் பெரியது. சேன்த்-மோர் என்ற ஆட்டுப்பால் சீஸ், சாம்பல் பூசிய நீள உருளை, நடுவில் ஒரு வைக்கோல் குச்சி செருகியிருப்பார்கள், உடையாமல் இருக்க. அந்தக் குச்சியிலேயே செய்தவரின் அடையாளம் பொறித்திருக்கும் என்று விற்ற பெரியவர் உருவிக் காட்டினார். இரண்டு வாங்கினேன், ஒன்றை வீட்டுக்கார அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த மாநாடும் தூரிலேயே என்று அறிவித்திருக்கிறார்கள். அதே அறை வேண்டும், இந்த முறை பத்து இரவு என்று அவருக்கு எழுதிவிட்டேன். கட்டில் பக்கத்துக்கு வைஃபை இழுத்துவிட்டதாகப் பதில் வந்திருக்கிறது.